செய்தோம் சரி, நோயாளிக்கு என்ன ஆச்சு?

வார்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேர் பிளான், அதாவது ஒரு நோயாளியை எப்படிக் கவனிப்பது என்ற திட்டம், எழுதுவது எப்படி என்று என்னிடம் நிறையக் கேட்பார்கள். எந்தப் பிரச்சினையை முதலில் போடணும், எத்தனை கோல் (இலக்கு) எழுதலாம், நர்சிங் டயக்னோசிஸை எந்த வார்த்தையில் சொல்லணும் என்றெல்லாம் வரும். நல்ல கேள்விகள்தான். ஆனால் பிளானை எழுதி, அதன்படி வேலையும் பார்த்த பிறகு, அந்த வேலையால் நோயாளிக்கு ஏதாவது நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பவர்கள் குறைவு. காரைக்குடிப் பக்கம் வார்டு நர்ஸாக இருந்து, இப்போது சுற்றுவட்டார ஊர்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறவள் நான். நல்ல நர்சிங்கும் சும்மா வேலை பார்ப்பதும் பிரிகிற இடம் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நோயாளிகளின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நர்சிங் ப்ராசஸின் ஐந்து படிகள் எல்லாருக்கும் மனப்பாடம்: நோயாளியைப் பார்த்து மதிப்பிடுவது, பிரச்சினையை இனம் காண்பது, திட்டமிடுவது, செய்வது, செய்ததன் பலனைப் பார்ப்பது. கடைசி இரண்டையும் பரீட்சைக்கு நான்கு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். ஐடா ஜீன் ஆர்லாண்டோ என்ற அமெரிக்க நர்ஸ் 1961-லேயே இதை அழுத்தமாகச் சொன்னார். நோயாளிக்கு இதுதான் தேவை என்று நர்ஸ் நினைப்பதை அந்த நோயாளியிடமே கேட்டு உறுதி செய்யணும். செய்த பிறகு அவரிடம் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கணும். தெரியாவிட்டால் அந்த உதவி உதவியே இல்லை. வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், படுத்த படுக்கையாக இருந்த ஓர் அம்மாவின் இரவு டியூட்டி நோட்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ‘பொசிஷன் மாற்றப்பட்டது’ என்று வரிசையாக எழுதியிருக்கும். உண்மையிலேயே மாற்றியும் இருப்பார்கள். அப்படியும் விடிகாலையில் பார்த்தால் இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு மேல், சிவப்பு அப்படியே இருக்கும். ஏனென்றால் அந்த நோட்ஸில் எழுதியிருந்தது நர்ஸ் செய்ததைப் பற்றி. அந்த அம்மாவின் தோலைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘திருப்பிப் படுக்கவைத்தபோது வால் எலும்பு மேல் ஒரு ரூபாய் அளவு சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் இரண்டு மணி நேர இடைவெளி இவருக்குப் போதாது என்று உடனே புரிந்துகொண்டிருப்பார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விரலால் அழுத்தி, எடுத்ததும் வெளுத்துத் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை வெள்ளைத் தோலில் நன்றாகத் தெரியும். நம் ஊர் ஆட்களின் கறுத்த தோலில் பல நேரம் சிவப்பே கண்ணுக்கு எட்டாது. அங்கே கண்ணைவிடக் கையைத்தான் நம்பணும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியிருக்கிற தோலைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா? தொட்டால் கல் மாதிரி இறுகியோ சொதசொதவென்றோ இருக்கிறதா? அந்த இடம் மட்டும் ஊதா கலந்து இன்னும் கருத்திருக்கிறதா? ‘அங்க மட்டும் வலிக்குதும்மா’ என்று அவரே சொல்கிறாரா? 1987-இல் வெளியான பிராடன் அளவுகோலில் ஆறு விஷயங்களுக்கு மார்க் போட்டு, 23-க்கு 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து என்று வைப்போம். அது யாருக்குப் புண் வரலாம் என்று சொல்லும். நாம் கொடுத்த கவனிப்பு வேலை செய்ததா என்பதற்குத் தோல்தான் சாட்சி.

செய்வது என்ற படிக்கும் இதே விதி உண்டு. செய்வதற்கு முந்தின நிமிடம் மறுபடி ஒரு தடவை நோயாளியைப் பார்க்கணும். காலையில் எழுதிய பிளான் காலையில் இருந்த ஆளுக்கு எழுதியது. இன்சுலின் போடப் போகும்போது இது நன்றாகப் புரியும். எங்கள் பக்கத்து ஆச்சிமார் பலர் சஷ்டி, கார்த்திகை என்று விரதம் இருப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் விடமாட்டார்கள். ‘சாப்பிட்டாச்சா ஆச்சி?’ என்று கேட்டால் ‘ஆச்சு, ஆச்சு’ என்று பதில் வரும். நம்மைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று சொல்கிற பதில் அது. நான் கேட்பது வேறு மாதிரி: ‘என்ன சாப்பிட்டீங்க ஆச்சி, எப்ப சாப்பிட்டீங்க?’ ஒரு தடவை அதற்குப் பதில், ‘இன்னைக்குச் சஷ்டில்ல சிஸ்டர், ரெண்டு வாழப்பழம்’ என்று வந்தது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டேன், அளவு மாறியது.

அப்படியும் சுகர் இறங்கிவிட்டால், அங்கே செய்வது, பலனைப் பார்ப்பது என்ற இரண்டு படிகளும் கால் மணி நேரத்துக்குள் நடந்து முடியும். 70-க்குக் கீழே போய், ஆள் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரை. டீஸ்பூன் கணக்கில் மூன்று, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்க்கணும். இன்னும் 70-க்குக் கீழேதான் என்றால் மறுபடி 15 கிராம். ஏறிவிட்டால், அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் ஏதாவது சாப்பிடக் கொடுக்கணும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். வீட்டில் அவசரத்துக்கு அதிரசமோ லட்டோ எடுத்துக் கொடுப்பார்கள். நெய்யும் எண்ணெயும் சேர்ந்ததால் அதிலிருக்கும் இனிப்பு ரத்தத்தில் சேர நேரமாகும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பல பேர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததோடு நிறுத்திவிடுவார்கள். வேர்வை நின்றுவிட்டது, பேசுகிறார், போதும் என்று தோன்றும். அந்த இரண்டாவது குத்தல்தான் பலனைப் பார்ப்பது. அது இல்லாமல் சிகிச்சை முடியவில்லை.

வீட்டு நர்சிங்குக்கு வந்தபோது இதையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆஸ்பத்திரியில் எழுதிய கேர் பிளான் கையில் இருக்கும். ‘உதவியோடு கழிவறை வரை நடக்கவைக்கவும்’ என்று ஒரு வரி. வார்டில் கட்டிலிலிருந்து கழிவறை பத்தடி. செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டும் அடுப்படியும் தாண்டிப் பின்வாசல் பக்கம் இருக்கும். நடுவில் ஒவ்வொரு வாசல் நிலைக்கும் காலைத் தூக்கி வைக்கணும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெறுங்காலுக்கு ஜில்லென்று சுகமாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் வழுக்கும். பழைய தேக்குக் கட்டில் இடுப்பளவு உயரம். ஏறி இறங்குவதும் ஆபத்து, புரட்டிப் போடுவதும் கஷ்டம். கரண்ட் போனால் ஏர் பெட் காற்றிறங்கித் தட்டையாகிவிடும், நோயாளி கட்டைமேல் கிடப்பார். வீட்டுக்குள் போனவுடன் நான் பி.பி. பார்ப்பதில்லை. கட்டிலிலிருந்து கழிவறை வரை நானே ஒரு தடவை நடந்துவிட்டு வருவேன். பிளானில் பாதி அந்த நடையிலேயே மாறிவிடும்.

அப்படி ஒரு வீட்டில் பார்த்த ஐயாவைப் பற்றிச் சொல்லணும். மூளையின் வலப்பக்கம் ரத்த ஓட்டம் அடைபட்டு இடது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு தெளிவு. பிள்ளைகள் சிங்கப்பூரில்; வீட்டில் அவரும் அவர் மனைவி ஆச்சியும், பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் அட்டெண்டர் அக்காவும். கை கால் பலவீனத்தைவிடப் பெரிய சிக்கல், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு உறைக்கவில்லை. கண் பார்வை கெட்டதால் அல்ல. மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இடது கை உடம்புக்கு அடியில் மாட்டி நசுங்கும், அவருக்குத் தெரியாது.

ஆச்சிக்கு இது புரியவில்லை. ‘காய வச்சா தொடமாட்டேங்கறாக, வாய்க்குப் பிடிக்கல போல’ என்றார்கள். நான் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். வாழை இலையில் வலப்பக்கம் வைத்த குழைந்த இட்லி முழுக்கக் காலி. இடப்பக்கம் மசித்து வைத்த பரங்கிக்காய் கோடு போட்ட மாதிரி அப்படியே இருந்தது. இலையை நான் அரைவட்டம் திருப்பி வைத்தேன். ‘அட, காய் இருக்கே’ என்று எடுத்துச் சாப்பிட்டார். ஆச்சி என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அங்கேயே எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. ‘இடப்பக்கக் கவனம் மேம்படும்’ என்று எழுதினால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. நான் எழுதிய கோல்: ‘இரண்டு வாரத்துக்குள், யாரும் சொல்லாமலே இலையின் இடப்பக்கம் இருப்பதையும் எடுத்துச் சாப்பிடுவார்.’ இதைச் சரிபார்க்க நர்ஸ் வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் இலையைப் பார்த்தால் போதும். இலையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை வைத்து, ‘நாடா தெரியற வரைக்கும் பாருங்கய்யா’ என்று சொல்ல அக்காவைப் பழக்கினேன். பேச வருகிறவர்கள் இடப்பக்கம் உட்காரணும். தண்ணீர்ச் செம்பும் கூப்பிடுகிற மணியும் மட்டும் வலப்பக்கம். அவசரத்தில் கைக்கு எட்டுவதைப் பயிற்சிக்காக விட்டுக்கொடுக்கக்கூடாது.

அக்கா நல்ல கைராசிக்காரர். ஆனால் தூக்கிவிடும்போது இடது கையைப் பிடித்து இழுப்பார். பலமில்லாத தோள்மூட்டு அப்படி இழுத்தால் நழுவும், பிறகு வலி நாள்கணக்கில் விடாது. ‘புரிஞ்சுதாக்கா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சிஸ்டர்’ என்பார். அதை நான் நம்பிக்கொண்டு கிளம்புவதில்லை. ‘நான் ஐயா மாதிரி உக்காந்துக்கறேன், என்னைத் தூக்குங்கக்கா’ என்பேன். இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினால்தான் புரிந்தது என்று அர்த்தம். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அது நோயாளிக்கு நல்லது செய்ததா என்று பார்க்கும் பொறுப்பை ஒப்படைக்க முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அவர்கள் வந்துபோன பிறகும் இதே கேள்விதான்: போன வாரம் முடியாத எதை இந்த வாரம் ஐயாவால் செய்ய முடிகிறது?

விழுங்குவதில் அவருக்குக் கொஞ்சம் சிரமம் இருந்தது. குடும்பங்கள் எல்லாவற்றிலும் பார்க்கிற ஒரு தவறான நம்பிக்கை: இட்லி இறங்குகிறது, வெறும் தண்ணீருக்கு என்ன பயம்? பக்கவாதத்தில் பலருக்கும் தண்ணீர்தான் ஆபத்து. அது வேகமாக ஓடும், தொண்டை சுதாரிப்பதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியான கஞ்சி மெதுவாக இறங்கும். ஊட்டும்போது பார்க்க வேண்டியது எத்தனை வாய் போனது என்பதை அல்ல. விழுங்கிய பிறகு ‘ஆ’ சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாகக் களகளவென்று கேட்டால் நிறுத்திவிடணும். இருமல் வராமலே உள்ளே போவதும் உண்டு. அதனால் சாப்பிட்ட பின் மூச்சு வேகம், அன்றிரவு காய்ச்சல் இரண்டையும் கவனிக்கணும். நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டி, முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவைக்காமல் இருக்கணும்.

இப்படியிருக்கும்போது பிள்ளையார் நோன்பு நெருங்கியது. கார்த்திகை தீபத்திலிருந்து எண்ணி 21 நாள். நகரத்தார் வீடுகளில் தட்டாமல் எடுப்பார்கள். 21 இழையைத் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். ஐயாவிடம் அவருடைய ஆசை என்ன என்று முதல் நாளே கேட்டிருந்தேன். ‘நடக்கறதெல்லாம் மெதுவா வரட்டும். நோன்புக்கு நான் உக்காந்து இழை எடுத்துக் குடுக்கணும்’ என்றார். அதை அப்படியே கோலாக எழுதினேன்: நோன்பன்று முதுகுச் சாய்வில்லாத நாற்காலியில் இருபது நிமிடம் நிமிர்ந்து உட்காருவார்.

கொடுப்பதில் சிக்கலில்லை, வலது கை நன்றாக இருந்தது. அவர் எடுத்துக்கொள்வதில்தான் எனக்குச் சம்மதமில்லை. ஒட்டுகிற மாவு, உள்ளே நூல். இந்தத் தொண்டைக்கு அது ஆகாது. சடங்கு விஷயத்தில் நர்ஸ் வாய் திறக்கலாமா என்று தயங்கிவிட்டு நோன்பன்று கைபிசைந்து நிற்பது யாருக்கும் நல்லதில்லை. ஒரு வாரம் முன்பே ஐயாவையும் ஆச்சியையும் வைத்துக்கொண்டு, ‘விழுங்கறப்ப குரல் இன்னும் ஈரமா வருதுங்கய்யா. இது மட்டும் இந்த வருசம் வேணாம்’ என்று காரணத்தோடு சொன்னேன். இழையை என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை, அது என் வேலையில்லை. அவர்களுக்குள் பேசி, ஐயா பங்கைச் சிங்கப்பூரிலிருந்து வரும் மகன் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

அன்று ஐயா உட்கார்ந்தார். பத்து நிமிடம் நிமிர்ந்து, பிறகு இடப்பக்கம் சாயத் தொடங்கினார். அக்கா இடுப்போரம் தலையணை கொடுத்ததும் மிச்ச நேரம் இருந்தார். எல்லாருக்கும் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். நோட்ஸில் ‘கோல் பாதி நிறைவேறியது’ என்று எழுதினேன், பத்து நிமிடம், தலையணை எல்லாம் சேர்த்து. சந்தோஷமான நாளில் பாதி என்று எழுதுவது குறை சொல்வதாகாது. அந்தப் பாதியைப் பார்த்துத்தான் பிசியோதெரபிஸ்ட் இடுப்புத் தசைக்கான பயிற்சியைக் கூட்டினார்.

மகன் வீடியோ காலில், ‘அப்பச்சி எப்படி இருக்காக சிஸ்டர்?’ என்று கேட்பார். இந்தப் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ‘பரவாயில்ல, நல்லா இருக்காங்க’ என்று நான் சொல்வதில்லை. கடல் கடந்து இருக்கிறவருக்கு அந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ‘இலையில ரெண்டு பக்கமும் சாப்பிடறாங்க, மூணு நாளா நாடா இல்லாமலே. தண்ணி இன்னும் கெட்டியாக்கித்தான் கொடுக்கறோம். முதுகுல புண் இல்ல.’ இதைக் கேட்டால் எப்போது லீவு போட்டு வரணும் என்று அவரால் தீர்மானிக்க முடியும்.

கோல் நிறைவேறாதபோது முதலில் நோயாளியைக் குறை சொல்லிவிடுகிறோம்: ‘ஒத்துழைக்கவில்லை.’ அந்த வார்த்தையை நோட்ஸில் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். ஐயா இரவில் கழிவறைக்கு நடக்கக்கூடாது என்பதால் கமோட் நாற்காலி வாங்கிப் பட்டாசாலையில் (வீட்டுக் கூடத்தில்) போட்டிருந்தார்கள். அவர் தொடவே இல்லை. விழுந்துவிடுவார் என்று எல்லாருக்கும் பயம். நான் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போனேன். நாற்காலி உயரம் சரி, பிடிமானம் சரி, அக்காவுக்குப் பழக்கமும் இருக்கிறது. அப்புறம் அவரிடமே கேட்டேன். ‘நாலு பேர் வந்து உக்கார்ற எடத்துல எப்படிம்மா?’ என்றார். பக்கத்து அறைக்கு மாற்றி, கதவுக்கு ஒரு திரை போட்டோம். அன்றிரவே பயன்படுத்தினார். பிளானில் தப்பு இல்லை என்று அடம்பிடித்திருந்தால் இன்னொரு நாற்காலி வாங்கியிருப்போம்.

பலனைப் பார்க்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்கணும்: இனி எதை நிறுத்தலாம்? தொடங்கியதை நிறுத்த யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஓர் ஆச்சிக்கு மூத்திர ட்யூப் தொடர்ந்து இருந்தது. எழுந்து உட்காருகிறார், கமோடில் அமர்கிறார். ட்யூப் எதற்கு என்று கேட்டால் ‘ஆஸ்பத்திரியில போட்டாங்க’ என்றார்கள். ஒவ்வொரு நாள் கூடுதலாக இருக்கும்போதும் கிருமித்தொற்றுக்கான வாய்ப்பு ஏறும். டாக்டரிடம் பேசி எடுத்தோம். எடுத்ததோடு கிளம்பிவிடவில்லை. எடுத்த நேரத்தைக் குறித்து, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தானாகப் போகிறதா, எவ்வளவு போகிறது, எரிச்சல் இருக்கிறதா, அடிவயிறு உப்புகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லி, போகவில்லை என்றால் யாரைக் கூப்பிடணும் என்றும் தாளில் எழுதி வைத்தேன். சாயங்காலம் ஆச்சியின் மருமகள் போன் செய்து அளவைச் சொன்னார், 250 மில்லி. அந்தப் பிரச்சினைக்கு நேராகத் தேதி போட்டு முடித்துவிட்டு, பிளானில் அடுத்திருந்த நடைப்பயிற்சிக்குப் போனோம்.